பாப்போம் பெரியப்பாவும் பின்பக்கத்துப் புஷ்களும்

பெரியப்பா வருவதற்கு முன்னால் அவர் வண்டியின் பின்பக்கம் வந்துவிடும். சத்தமாகத்தான். தெருமுனையில் ஒரு ‘கடக்’. குழாயடிப் பள்ளத்தில் ‘கடக்-கடக்’. வாசலில் நிறுத்தும்போது, முட்டிவலிக்காரர் நாற்காலியில் உட்காருவதைப் போல ‘ம்ம்ங்ங்’ என்று நீளமாக ஒரு முனகல். பெரியம்மா அடுப்பை விட்டுத் திரும்பாமலே, “வந்துடுச்சு” என்பாள். எது வந்தது, வண்டியா பெரியப்பாவா என்று கேட்டால், “ரெண்டும் ஒண்ணுதான். தள்ளினாத்தான் நகரும்” என்பாள்.

தெருவில் அவருக்குப் பெயர் ‘பாப்போம்’. எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் அதுதான். அதையும் சும்மா சொல்ல மாட்டார். ‘பா’வை நன்றாக இழுத்து, நடுவில் ஒரு மூச்சு நின்று, ‘போம்’மை மூக்கு வழியாக விடுவார். பா...ஆப்...போம். கேட்டவனுக்கு வேலை பாதி முடிந்துவிட்டது போல இருக்கும். சமையலறைக் குழாய் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. முன்னறை ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது, கயிறுதான். அவருடைய கடைவாய்ப் பல் ஒன்று ஆடத் தொடங்கி, பல் டாக்டரைப் ‘பாப்போம்’ என்று சொல்லிச் சொல்லியே ஒருநாள் ரொட்டியோடு கழன்று வந்துவிட்டது. “பாத்தியா, டாக்டர் செலவு மிச்சம்” என்றார்.

பெரியம்மா இதையெல்லாம் விட்டுவைப்பாளா? “பொண்ணு பாக்க வந்தப்ப, புடிச்சிருக்கான்னு இவருகிட்ட கேட்டாங்க. பாப்போம்னாரு. இன்னும் பாத்துக்கிட்டேதான் இருக்காரு.”

அவர் தொழில் வீடு மாற்றிக் கொடுப்பது. அதாவது மற்றவர்கள் வீட்டுச் சாமான்களை ஏற்றி, இன்னொரு வீட்டில் இறக்குவது. ஒரே ஒரு பழைய பிக்கப் வண்டி. ஆள் இரண்டு பேர், அவரும் அவருடைய தம்பியும். தம்பி என்றால் என் அப்பா.

சாமான் ஏற்றுவதில் பெரியப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வருவார். எதையும் தொட மாட்டார். வெளியே வந்து, “மொதல்ல பீரோ, கடைசியில மெத்தை, நடுவுல அம்மா வாயத் தொறக்காம இருக்கணும்” என்பார். வீட்டுக்கார அம்மாவும் சிரித்துவிடுவாள். மாடிப்படியில் பீரோவை இறக்கும்போது அதனுடன் பேசிக்கொண்டே இறக்குவார். “வாம்மா... இப்படித் திரும்பு... தலைய இடிச்சுக்காத... அவ்வளவுதான் கண்ணு, தரை வந்துடுச்சு.” குளிர்சாதனப் பெட்டி என்றால் குரல் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கும். கட்டிலின் கால்களை மட்டும் திட்டுவார். மரத்திடமும் தகரத்திடமும் அவ்வளவு நயமாகப் பேசிய மனுஷன், தம்பியிடம் அதில் ஒரு பங்கு பேசியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

வண்டி பராமரிப்பு முழுக்க அப்பா கையில். என்ஜின் இருமினால் அப்பா, பிரேக் கத்தினால் அப்பா. பெரியப்பாவுக்கு வண்டியின் மேல்பக்கம் மட்டும்தான் தெரியும். அடிப்பக்கத்தை அவர் குனிந்துகூடப் பார்த்ததில்லை.

அந்த அடிப்பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. பின்சக்கரங்களுக்கு மேலே, வில் போல வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங். அதன் இரண்டு முனைகளையும் வண்டியோடு சேர்க்கும் போல்ட்டுகள். போல்ட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே, இரும்பும் இரும்பும் இடித்துக்கொள்ளாமல், நடுவில் துளையோடு உருளையாக ஒரு ரப்பர். அதுதான் புஷ். அது தேய்ந்தால் கடக் கடக். இன்னும் தேய்ந்தால், நேராகப் போகிற வண்டியின் பின்பக்கம் மட்டும் தனியாக நடனமாடும்.

முன்பெல்லாம் புஷ் மாற்றுகிற நாள் எங்களுக்குக் கொண்டாட்டம். அப்பா காலையிலிருந்து அடியில் கிடப்பார். மத்தியானம் சக்கரங்களை மாட்டி, ஜாக்கியை இறக்கி, வண்டியைத் தரையில் நிறுத்திவிட்டு, அடியிலிருந்தே ஒரு குரல் கொடுப்பார்: “ஏறுங்க எல்லாரும்!” நாங்கள் எல்லாரும் வண்டியின் பின்னால் ஏறி உட்கார வேண்டும். பெரியம்மா கீரையோடும் முறத்தோடும் ஏறுவாள். அம்மா துவைக்க வேண்டிய துணி மூட்டையோடு ஏறுவாள். எதிர்வீட்டுத் தையல்காரர் தன்னுடைய முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறி, “எங்க போறோம்?” என்பார். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, ஒவ்வொரு தடவையும் எல்லாரும் சிரிப்பார்கள். அடியிலிருந்து அப்பா கத்துவார்: “சிரிக்காதீங்கப்பா, வண்டி ஆடுது!” அதற்கு இன்னும் சிரிப்போம். பெரியப்பா டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ராஜா தேரில் போவதைப் போல நடுவில் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில், “முடிஞ்சுது, எறங்கலாம்” என்று குரல் வரும்.

ஏன் ஏற வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அப்பாவும் சொன்னதில்லை. அவர் வாயிலிருந்து ஒரு விளக்கம் வாங்குவதென்றால் துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றுவது மாதிரி.

அப்புறம் அந்தக் கண்ணாடி வந்தது.

பணி ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் வீடு மாறினார். அவருடைய அம்மா வீட்டிலிருந்து வந்த ஆளுயரக் கண்ணாடி ஒன்று, மரச் சட்டம் போட்டது. அதற்கு முன்பே அப்பா பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், “அண்ணே, பின்பக்கம் ஒதுங்குது. புஷ்ஷு போயிடுச்சு. ஒரு நாள் வண்டிய என்கிட்ட விடு.” பதில் உங்களுக்கே தெரியும். அன்று காலையிலும் சொன்னார். “இந்த லோடு முடியட்டும்டா, பாப்போம்.”

ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. பீரோ சாய்ந்தது. கம்பளி சுற்றி வைத்திருந்த கண்ணாடி கம்பளிக்குள்ளேயே நொறுங்கிப்போனது.

புது வீட்டு வாசலில், தெருவே கூடி நிற்க, டீச்சரம்மா வகுப்பறைக் குரலில் கேட்டார், “ரெண்டு பேருல யாரு இதுக்குப் பொறுப்பு?”

பெரியப்பா சொன்னார், “வண்டி வேலை பூரா தம்பிதாங்க. அவன் பாத்திருக்கணும்.”

அப்பா கையில் கயிற்றோடு நின்றுகொண்டிருந்தார். அண்ணனை ஒரு தடவை பார்த்தார். டீச்சரம்மா அவரிடம், “இனிமேலாவது பொறுப்பா இருங்க தம்பி” என்றார். “சரிங்க டீச்சர்” என்றார் அப்பா. அந்த வீட்டிலேயே ஒரு விளக்குமாறு வாங்கி, சில்லு சில்லாகத் தெருவைக் கூட்டி எடுத்துவிட்டு, மீதிச் சாமானையும் இறக்கி வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

இதை அப்பா எங்களிடம் சொல்லவில்லை. பெரியப்பாதான் அன்று சாயங்காலம் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“வாயில வந்துடுச்சு.”

“வந்தது வந்துடுச்சு. நாலு வீடு தள்ளித்தானே இருக்கான்? போயி, நான்தான்டா தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க.”

“பாப்போம்.”

அந்தப் பாப்போம்தான். குழாய் சொட்டியது, ஜன்னல் அடித்துக்கொண்டது, பல் விழுந்தது, அதெல்லாம் போகட்டும். இந்த ஒரு பாப்போம்தான் அவரைத் தின்றது.

அப்பா வேறு ஊரில் ஒரு பஸ் டிப்போவில் வேலை தேடிக்கொண்டார். நாங்கள் வீட்டைக் காலி செய்தபோது வாடகை லாரி வந்தது. ஊருக்கே வீடு மாற்றிக் கொடுக்கிறவருடைய சொந்தத் தம்பி, தன் சாமானை வேறு ஆள் வண்டியில் ஏற்றினார். பெரியப்பா தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். லாரி ஆட்கள் எங்கள் பீரோவை யானைக்குட்டியை இழுப்பது போல இழுத்தார்கள். ஒருவன் கயிறு கட்டிய லட்சணத்தைப் பார்த்து அவருக்குத் தாங்கவில்லை. விறுவிறுவென்று வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் அந்த முடிச்சை அவிழ்த்தார், இழுத்துக் கட்டினார், திரும்பிப் போய்விட்டார். அப்பா அந்த முடிச்சைப் புது வீட்டில் கடைசியாகத்தான் அவிழ்த்தார்.

அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டது மனைவிமார் வாய் வழியாகத்தான். போனை அம்மா பிடித்திருப்பாள். அந்தப் பக்கம் பெரியம்மா.

பெரியம்மா ஆரம்பிப்பாள்: “அவரு நல்லா இருக்காரான்னு இவரு கேக்கறாரு.”

“நல்லா இருக்காராம். அவரு நல்லா இருக்காரான்னு இவரு கேக்கறாரு.”

“இவருக்கென்ன, கல்லாட்டம் இருக்காரு. வாய்தான் தொறக்கல.”

“இங்கயும் அதே கல்லுதான்க்கா. ஒரே மலையில வெட்டினது.”

வருடங்கள் இப்படியே ஓடின. போன வருடம் எனக்குப் பெரியப்பா ஊரிலேயே ஒரு அச்சகத்தில் வேலை கிடைத்தது. தங்குவதற்கு ஒரு அறையும் பேசியாகிவிட்டது, மழைக்காலம் முடிந்துதான் காலியாகும் என்றார்கள். கட்டில், பீரோ, மேசை, என் புத்தக மூட்டைகள். இதெல்லாம் எப்படிப் போகும் என்ற பேச்சு வந்தபோது பெரியம்மா போனில், “எப்படின்னா? பெரியப்பா வண்டி எதுக்கு இருக்கு?” என்றாள்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வெகுநேரம் செய்தித்தாளைப் பார்த்தார். பிறகு, “அந்த வண்டிக்குப் பின்னாடி புஷ் மாத்தியாச்சான்னு கேளு. மாத்தியிருந்தா வரட்டும், நானும் அதுலயே வரேன்” என்றார்.

நானும் அதிலேயே வருகிறேன். அம்மா அதை வார்த்தைக்கு வார்த்தை போனில் சொன்னாள். அந்தப் பக்கம் பெரியம்மா பின்னால் திரும்பி யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு நான் பிறந்ததிலிருந்து கேட்காத ஒன்று கேட்டது. பெரியப்பா குரல், தூரத்திலிருந்து: “மாத்திடறேன்னு சொல்லு.”

பாப்போம் இல்லை. மாத்திடறேன்.

அடுத்த நாள் காலையிலேயே உதிரிபாகக் கடைக்குப் போய்விட்டார். கடைக்காரர், “என்ன பாப்போம், நீங்களா? இன்னிக்கு மழைதான்” என்றாராம். மெக்கானிக்கிடம் விடச் சொல்லியிருக்கிறார். பெரியப்பா கேட்கவில்லை. “என் கையால மாத்தினாத்தான் அது மாத்தினது” என்று பெரியம்மாவிடம் சொன்னாராம்.

அந்தக் கூத்தைப் பெரியம்மா சொல்லிக் கேட்க வேண்டும். பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரங்களைக் கழற்றி, வாழ்நாளில் முதல்முறையாக வண்டிக்கு அடியில் நுழைந்தார். “உள்ள போனவரு, அடேயப்பா, எவ்வளவு இருக்குடீன்னாரு. என்னமோ கோட்டைக்குள்ள போன மாதிரி.” போல்ட்டெல்லாம் துருவில் ஒட்டிக்கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தார். சுத்தியலால் அடித்தார். போல்ட்டில் பாதி அடி, கட்டை விரலில் பாதி. பழைய ரப்பர், கருகிய ரொட்டி ஓரம் மாதிரி துண்டு துண்டாக வந்தது. புதிதைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, நீளப் போல்ட்டு ஒன்றைக் கொடுத்து நெருக்கி நெருக்கி உள்ளே இழுத்தார். மோசம் என்று சொல்ல முடியாது. வேலை பழகிய கைதானே.

சுத்தியல் சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தையல்காரர் வந்தார். கையில் முக்காலி.

“எப்ப ஏறணும்?”

“எங்க?”

“வண்டியிலதான். புஷ்ஷு மாத்தினா நாமெல்லாம் ஏறி உக்காருவோமே.”

“ஐய, போயி சட்டையத் தைங்க. அதெல்லாம் அவன் சும்மா வேடிக்கைக்குப் பண்ணினது. புள்ளைங்க சிரிக்கட்டும்னு.”

தையல்காரர் முக்காலியோடு திரும்பிப் போனார். பெரியப்பா, சக்கரம் இல்லாமல் வண்டி அந்தரத்தில் நிற்கும்போதே, ஸ்பிரிங் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போதே, ஸ்பானரில் நெம்ப ஒரு இரும்புக் குழாயை மாட்டி, இருந்த பலத்தையெல்லாம் போட்டு அத்தனை போல்ட்டையும் இறுக்கினார். அதற்கப்புறம்தான் சக்கரத்தை மாட்டி இறக்கினார்.

வண்டி சத்தமில்லாமல் ஓடியது. காரணமே இல்லாமல் தெருவை நாலு சுற்று வந்தார். குழாயடிப் பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கி ஏற்றி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “கேக்குதா? கேக்குதா?” என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை என்றால் ஒரு சிரிப்பு. பல் போன இடம் தெரிய ஒரு சிரிப்பு. “அவன் வந்து உக்காந்து பாக்கட்டும்” என்றார்.

மழைக்காலம் முடிவதற்குள் சத்தம் திரும்பி வந்தது. பழைய கடக் இல்லை. இது புதுசு. ‘கீ...ங்’ என்று, கதவு திறந்து யாரோ பாதியில் நின்றுவிட்டது போல. பெரியப்பா அடியில் போய்ப் பார்த்தார். புது ரப்பர், புதுப் போல்ட்டு, எல்லாம் இருக்கிறது. தளர்ந்திருக்கும் என்று நினைத்து, மறுபடி தூக்கி வைத்து இன்னும் இறுக்கினார். அதையும் தொங்கவிட்டேதான்.

நாங்கள் கிளம்பும் நாள் வந்தது. வண்டி எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. உள்ளே பாட்டு அலறியது. அந்த வண்டியில் ரேடியோ எப்போதும் இருந்தது கிடையாது. தையல்காரரின் சின்ன ரேடியோவை இரவல் வாங்கிக் கண்ணாடியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தார். “போரடிக்குதுன்னு” என்றார் என்னிடம்.

அப்பா வெளியே வந்தார். பெரியப்பா இறங்கினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் என் கட்டிலைப் பார்த்தார்கள்.

“நல்ல கட்டிலு” என்றார் பெரியப்பா.

“ஆமாங்க” என்றார் அப்பா.

ஆமாங்க! நான் அம்மாவைப் பார்த்தேன். அண்ணனை எப்போதும் ‘நீ’ என்று கூப்பிட்டவர். பெரியப்பா முகத்தில் ஏதோ சுருங்கியது. உடனே பீரோவிடம் பேசப் போய்விட்டார். “வாம்மா... இப்படித் திரும்பு...” பீரோவின் மறுமுனையைப் பிடித்த அப்பா, மார்புக்கு மேல் தூக்கும்போது நின்றுவிட்டார். வலது கை ஏறவில்லை. டிப்போவில் ஒரு டயர் விழுந்து தோள் போன கதையை அம்மா பெரியம்மாவிடம் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். பெரியப்பா அந்தக் கையையே பார்த்தார். என்னைப் பிடிக்கச் சொன்னார்.

அம்மா வீட்டைப் பூட்டிவிட்டுப் பின்னால் மெத்தைமேல் ஏறிக்கொண்டாள். “எனக்கு இந்த சிம்மாசனம் போதும்” என்றாள். முன்னால் பெரியப்பா, நடுவில் நான், ஜன்னலோரம் அப்பா. பாட்டு காதைக் கிழித்தது. ஊர் எல்லை தாண்டியதும் ரோடு மோசமானது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெரியப்பா ரேடியோவைக் கொஞ்சம் கூட்டினார். அதற்கு மேல் கூட்ட இடமில்லாமல் போனபோது அப்பா கையை நீட்டி அதை நிறுத்தினார்.

கீ...ங்.

அப்பா கண்ணை மூடிக் கேட்டார். அடுத்த பள்ளம். கீ...ங்.

“தொங்கவிட்டே இறுக்கிட்டீங்களா?”

அத்தனை வருடத்துக்குப் பிறகு தம்பி அண்ணனிடம் தானாகக் கேட்ட முதல் கேள்வி.

“எப்படி இறுக்கறது பின்ன?” என்றார் பெரியப்பா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

“எறக்கித்தான் இறுக்கணும். ரப்பர் போல்ட்டச் சுத்தி உருளாதுங்க. முறுகும். வண்டி தரையில நிக்கிற நிலையில இறுக்கினா, ஆடும்போது இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் முறுகிட்டு, திரும்பி தன் இடத்துக்கு வந்துடும். தொங்கற நிலையில இறுக்கிட்டா, வண்டி சும்மா நின்னாலே அது முறுகித்தான் நிக்கும். ஓடினா இன்னும் முறுகும். எவ்வளவு நாள் தாங்கும்? கிழிஞ்சிருக்கும்.”

“அப்ப எங்களையெல்லாம் ஏத்தி உக்கார வச்சது...”

“லோடு ஏத்தினா வண்டி எந்த உசரத்துல நிக்குமோ, அந்த உசரத்துக்குக் கொண்டுவரத்தான்.”

வண்டி கொஞ்ச தூரம் போனது.

“நான் அத வெளையாட்டுன்னு நெனச்சேன்டா.”

“ஒரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

சாமானை என் அறையில் இறக்கிவிட்டுப் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். பெரியம்மா அப்பாவைப் பார்த்து, “வாப்பா கல்லு” என்றாள், அழுதுகொண்டே. பெரியப்பா உட்காரவில்லை. நேராக உதிரிபாகக் கடைக்குப் போய் மறுபடி புஷ் வாங்கி வந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அப்பா அன்று சாயங்காலமே கிளம்ப வேண்டும், மறுநாள் டிப்போவில் வேலை. அதற்குள் வண்டியைச் சரிசெய்து, அந்த வண்டியிலேயே தம்பியை ஊர்வரை கொண்டுபோய் விட வேண்டும். சத்தமில்லாமல். ரேடியோ இல்லாமல்.

கை தூக்க முடியாத தம்பி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அண்ணன் அடியில் படுத்துச் செய்தார். பழைய ரப்பரை வெளியே எடுத்து நீட்டினார். போட்டு சில மாதம்கூட ஆகாதது. ஒரு ஓரமாகக் கிழிந்து, வாய் பிளந்திருந்தது. அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். புதிதைப் போட்டு, போல்ட்டுகளைக் கையால் முடிந்த அளவுக்கு மட்டும் திருகி, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கினார்கள்.

“ம், ஏறுங்க எல்லாரும்” என்றார் அப்பா. முன்னைப் போலக் கத்தவில்லை.

பெரியம்மா ஏறினாள். அம்மா ஏறினாள். நான் ஏறினேன். தையல்காரர் முக்காலியோடு ஓடி வந்து, “எங்க போறோம்?” என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கடைசியாக அப்பா ஏறி, முன்பெல்லாம் பெரியப்பா டீயோடு உட்காரும் அதே நடு இடத்தில் உட்கார்ந்தார். பலகை இடுக்கு வழியாக, அடியில் படுத்திருக்கும் பெரியப்பாவின் நரைமுடி தெரிந்தது.

“இப்ப இறுக்குங்க.”

ஸ்பானர் கிர்ர் கிர்ர் என்றது. ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கம் ஊர்ந்து போகும் சத்தம். அங்கே ஸ்பானர் சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குரல்தான் வந்தது.

“தம்பி.”

“ம்.”

“அந்தக் கண்ணாடி... அது நீ இல்லடா. நான்தான். நீ சொல்லிக்கிட்டேதான் இருந்த.”

பீரோவிடம் பேசும் குரல். தையல்காரர் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத அந்தத் தெருவுல வச்சுச் சொல்லியிருக்கணும்ணே” என்றார் அப்பா. கோபமே இல்லை. போல்ட்டு அளவு சொல்வது போலச் சொன்னார். “இங்க அடியில படுத்துக்கிட்டுச் சொன்னா யாருக்குக் கேக்கும்?”

“நாளைக்கே போறேன்டா. அந்த டீச்சரம்மா வீட்டுக்கே போயி...”

“அவங்க இல்ல. போன வருஷம் தவறிட்டாங்க. துக்கத்துக்கு நான் போயிட்டு வந்தேன். கடசி வரைக்கும் அவங்க கணக்குல நான் பொறுப்பில்லாதவன்தான். போகட்டும். நட்டு ஆறிப்போகும், இறுக்குங்க.”

நட்டு ஆறாது. அது எல்லாருக்கும் தெரியும். சற்று நேரத்தில் ஸ்பானர் மறுபடி கிர்ர் என்றது.

பெரியப்பா அடியிலிருந்து வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ். பெரியம்மா துண்டை நீட்டினாள். அவர் துடைக்காமல் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து நின்றார். “வா, ரெண்டு பேரும் ஏறுங்க. ஊருலயே எறக்கி விட்டுடறேன். ஒரு சத்தம் வராது, கேட்டுப் பாரு.”

அப்பா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். பையை எடுத்தார். அண்ணன் பக்கத்தில் வந்து, கதவின்மேல் இருந்த அந்தக் கட்டைவிரலை, நகம் கறுத்துப்போன விரலை, ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

“பஸ்ஸுலயே போயிக்கறோம். வண்டியில இன்னொரு தடவ வரேன்.”

“எப்படா?”

“பாப்போம்ணே.”

அப்பா அதைக் குத்திக்காட்டச் சொன்னாரா, வாயில் வந்துவிட்டதா, எனக்குத் தெரியாது. இழுக்கவில்லை, மூக்கில் விடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

அப்பாவும் அம்மாவும் பஸ் ஏறிய பிறகு பெரியப்பாவைக் காணவில்லை. வண்டியையும் காணவில்லை. விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். வந்தது யாருக்கும் தெரியவில்லை. சத்தமே இல்லாமல் வாசலில் வந்து நின்றுவிட்டு, உள்ளே வந்ததும்தான் பெரியம்மா திடுக்கிட்டாள்.

“எங்க போயிட்டு வரீங்க?”

“பஸ்ஸு பின்னாடி. ஊர் எல்லை வரைக்கும்.”

“டிக்கெட் எடுக்காத ஆளாட்டம் பின்னாடியே போனீங்களாக்கும். ஒரு ஹாரன் அடிக்க வேண்டியதுதானே?”

“அடிச்சா திரும்பிப் பாப்பான்.”

“பாக்கட்டுமே!”

“பாத்தா... அப்புறம் என்ன சொல்றது?”

பெரியம்மா தட்டை வைத்தாள். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியப்பா கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு அதனிடம் போனார்.

மறுநாள் அப்பா போன் செய்தார். பஸ்ஸில் கடைசி சீட்டுதான் கிடைத்ததாம், குலுக்கி எடுத்துவிட்டதாம், தோள் வலியாம். நான் கேட்டேன், “பின்னாடி நம்ம வண்டி வந்துதாப்பா?”

“எந்த வண்டி?” என்றார் அப்பா. கொஞ்ச நேரம் யோசித்தார். “ஒண்ணும் கேக்கலியேம்மா.”